முழங்கால் வலிக்கு மருந்து தொடையில்

நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் மாடிப்படி இறங்கும்போது ஒரு பெண்ணுக்கு முழங்கால் வலித்தால், "மூட்டு தேஞ்சுபோச்சு, இனிமே ரொம்ப நடக்காதே" என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அக்கறையோடு சொல்வதுதான். ஆனால், மருத்துவம் இன்று சொல்வது இதற்கு நேர்மாறு: மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியே முதல் சிகிச்சை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த நோயுள்ள எல்லோருக்குமே அதைப் பரிந்துரைக்கிறது.

எலும்புகளின் முனையை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம். காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, பஞ்சைப்போல அந்தத் திரவத்தை அது உள்ளிழுத்துக்கொள்கிறது. காலை அசைக்காவிட்டால் இந்த வரத்து குறையும்.

முழங்காலின் பெரிய காவல், தொடையின் முன்பக்கத் தசை. ஒவ்வோர் அடியிலும் வரும் அதிர்வை வாங்கிக்கொள்வது அதுதான். வலிக்குப் பயந்து ஓய்வெடுத்தால் அந்தத் தசை மெலிகிறது, மூட்டில் இறங்கும் சுமை அதிகமாகிறது, வலி கூடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்குத் தேய்மானம் வருவதும் அதிகம், தசை குறைவதும் வேகம். எனவே இந்தச் சுழலை உடைக்க வேண்டிய வயது இதுதான்.

"நாள் முழுக்க வீட்டுவேலை செய்கிறேனே, அது போதாதா?" என்று கேட்கலாம். போதாது. அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது காலைக் களைப்பாக்கும். தசைக்கு வலு சேர்க்காது.

தொடக்கத்துக்கு மூன்று பயிற்சிகள் போதும். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டியபடியே ஒரு அடி உயர்த்தி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நேராக நீட்டி, மெல்ல மடக்குங்கள். சற்று உயரமான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை, பழகியபின் கூட்டலாம். இவற்றோடு சமதளத்தில் நடை. நடக்கச் சிரமமென்றால் சைக்கிள் மிதிக்கலாம்.

பயிற்சியின்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாளைக்குள் தணிந்துவிட்டால் அளவு சரி, தணியாவிட்டால் குறையுங்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலும், மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலும், விழுந்தபின் வலி வந்தாலும் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும்.

உடல் எடைக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் நடந்த ஆய்வு 1992இல் வெளியானது. பத்தாண்டுகளில் சுமார் 5 கிலோ குறைந்த பெண்களுக்கு, வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்ததை அது காட்டியது.

டென்மார்க்கில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்காக 2013 முதல் 'கிளாட்' என்ற பயிற்சித் திட்டம் நடக்கிறது. பிசியோதெரபிஸ்ட் இரண்டு வகுப்புகளில் நோயை விளக்கி, பன்னிரண்டு வகுப்புகளில் பயிற்சி தருகிறார். பலருக்கு வலி குறைந்து, நடை தேறியிருக்கிறது.

தேய்ந்த குருத்தெலும்பை எந்தப் பயிற்சியும் மீண்டும் வளர்க்காது. ஆனால், வலியைக் குறைத்து, படியேறும் தெம்பைத் திருப்பித் தரும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதமாகும்; விட்டால் பலனும் போய்விடும். ஆகவே பெண்கள் நாளுக்கு அரை மணி நேரத்தைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும்; அந்த நேரத்து வேலையை வீட்டிலுள்ள மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்.