என்ஜின் ஓடியது; துறைமுகம் ஏற்கவில்லை

நான் ரயில்வேயில் சேர்ந்த புதிதில் நீராவி என்ஜின்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வழியில் தண்ணீர் பிடிக்கவும் நிலக்கரி ஏற்றவும் நிற்பதிலேயே பாதி நேரம் போய்விடும். நிலக்கரியே கேட்காத நீராவி என்ஜின் ஒன்று இருந்தால்? கடலில் அப்படிப்பட்ட சரக்குக் கப்பல்கள் ஓடியிருக்கின்றன என்றால் நம் சங்க அன்பர்கள் சிலர் வியக்கக்கூடும்.

தத்துவம் எளியது. அணு உலையின் வெப்பம் தண்ணீரை நீராவியாக்குகிறது. நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. அடுப்பு மட்டும்தான் வேறு.

முதல் கப்பல் அமெரிக்காவின் 'சவன்னா'. 1959இல் வெள்ளோட்டம். செலவு சுமார் 4.7 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் உலைக்கும் எரிபொருளுக்கும் மட்டுமே. என்ஜின் நன்றாகவே ஓடியது. ஆனால் 1963இல் என்ஜினியர்களுக்கும் மேல்தள அதிகாரிகளுக்கும் யாருக்குச் சம்பளம் அதிகம் என்று தகராறு வந்து, கப்பல் பல மாதம் முடங்கியது. ரயில்வேக்காரனுக்கு இது புதிய கதையா என்ன!

ஜெர்மனியின் 'ஓட்டோ ஹான்' 1968 முதல் அணுசக்தியில் சுமார் 6,50,000 கடல் மைல் ஓடியது. ஆயினும் கட்டுப்படியாகவில்லை. 1979இல் உலையை நிறுத்தினார்கள்; பிறகு டீசல் என்ஜின் பொருத்தினார்கள்.

ஜப்பானின் 'முட்சு' பட்ட பாடு பெரிது. 1974 செப்டம்பரில், முதல் சோதனை ஓட்டத்திலேயே நடுக்கடலில் சிறிய கதிர்வீச்சுக் கசிவு. தங்கள் மீனும் சிப்பியும் விலைபோகாது என்று அஞ்சிய மீனவர்கள், கப்பலைத் துறைமுகத்துக்குள் விடவில்லை. ஒன்றரை மாதம் அது கடலிலேயே கிடந்தது. கடைசிவரை வணிகச் சரக்கு ஏற்றவே இல்லை.

1988இல் பணிக்கு வந்த சோவியத் கப்பல் 'செவ்மோர்புத்' பனிக்கடலில் பயன்பட்டது. அதையும் சொந்த நாட்டின் கிழக்குத் துறைமுகங்கள் சில முதலில் ஏற்க மறுத்தன.

2050ஐ ஒட்டி கப்பல்களின் கரியமிலப் புகையை நிகரமாக இல்லாமல் செய்ய வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2023இல் இலக்கு வைத்தது. எனவே அணுக்கப்பல் பேச்சு மீண்டும் எழுந்துள்ளது. தவறில்லை. ஆனால் சவன்னாவின் உலைக்கலனை வெளியே எடுத்தது 2022இல்தான். ஓட்டம் நின்று ஐம்பது ஆண்டுகள் கழித்து! அதுவரை காவலும் செலவும் யாருடையது? விபத்து நேர்ந்தால் மீனவனுக்கு ஈடு கட்டுவது யார்?

என்ஜின் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், சிக்னல் கொடுக்க ஸ்டேஷன் வேண்டும். புதிய கப்பலை வரைபவர்கள் என்ஜின் அறையோடு நின்றுவிடாமல், துறைமுகத்து மனிதரிடமும் முதலில் பேசட்டும். அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.