தனி ஆளுக்கு இரண்டு பறவை

சென்னை அசோக் நகரில் ஒற்றைப் படுக்கையறை வீடு தேடிப் போகிறவரிடம் ஹவுஸ் ஓனர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய மனப்பாடம்: தனியாகவா, எங்கே வேலை, அசைவம் சமைப்பீர்களா, நாய் பூனை உண்டா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்றால்தான் அட்வான்ஸ் பேச்சே தொடங்கும். பழைய அடுக்குமாடிகளில் இருக்கும் பெரியவர்களின் கதை வேறு. வீடு சொந்தம்தான்; பிள்ளைகள் கடல் கடந்து போயாயிற்று; நாயை அழைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்க முழங்கால் இடம் தராது. ஆக, இளைஞருக்கும் முதியவருக்கும் மிஞ்சுவது ஒரு மீன்தொட்டி, ஒரு கூண்டு, மிஞ்சிப் போனால் ஒரு ஹாம்ஸ்டர்.

இந்தச் சின்ன உயிர்களால் தனிமை குறையுமா? இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1975இல் முக்ஃபோர்ட், மகோமிஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், எழுபத்தைந்து வயதைத் தாண்டித் தனியாக வாழ்ந்த 30 பேரை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு ஒரு பட்ஜெரிகர் பறவை (நம் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான்), சிலருக்கு ஒரு பிகோனியா பூந்தொட்டி, சிலருக்கு ஒன்றுமே இல்லை. டிவி இருந்தவர், இல்லாதவர் என்றும் பிரித்துப் பார்த்தார்கள். சில மாதங்கள் கழித்து, பறவை பெற்றவர்கள் தங்களைப் பற்றியும் பிறரைப் பற்றியும் நினைக்கும் விதம் தேறியிருந்தது. டிவியால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு மிகச் சிறியதுதான். ஆனாலும் அதில் ஒரு தகவல் பொருட்படுத்தத்தக்கது: பறவை வந்த வீட்டில் பேச்சுக்கு ஒரு விஷயம் கிடைத்தது. வருகிறவர்களோடு அதைப் பற்றிப் பேச முடிந்தது.

தென் கொரியாவில் இன்னும் துணிந்து போனார்கள். 65 வயதைக் கடந்த 94 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கூண்டில் ஐந்தைந்து சிள்வண்டுகளைக் கொடுத்து எட்டு வாரம் பராமரிக்கச் சொன்னார்கள். 2016இல் வெளியான முடிவுப்படி, வண்டு வளர்த்தவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் சற்றே இறங்கியிருந்தது. சற்றேதான். சிள்வண்டு யார் முகத்தையும் அடையாளம் காணாது, வாலாட்டாது. நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவருக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்ற 2015ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வை எல்லாச் செல்லப் பிராணிக்கும் பொருத்திப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. வண்டுக்கும் மீனுக்கும் அது பொருந்தாது. அங்கே வேலை செய்வது வேறொன்றாக இருக்க வேண்டும்: காலையில் எழுந்தால் நம்மை நம்பி ஒரு வாய் காத்திருக்கிறது என்பது.

‘செல்லப் பிராணி வளர்த்தால் இதயம் பிழைக்கும்’ என்ற புகழ்பெற்ற வாதத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. 1980இல் எரிகா ஃப்ரீட்மன் குழு, மாரடைப்பு முதலான இதயப் பாதிப்புகளிலிருந்து மீண்ட 92 பேரை ஓராண்டு கவனித்தது. பிராணி வளர்த்த 53 பேரில் 3 பேரும், வளர்க்காத 39 பேரில் 11 பேரும் இறந்தார்கள். எண்கள் பிரமிக்க வைக்கின்றன. ஆனால் அதே ஃப்ரீட்மன் 1995இல் இன்னும் பெரிய அளவில் பார்த்தபோது நன்மை நாய் வளர்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது, பூனைக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. கூண்டுப் பறவையை மருந்துச் சீட்டில் எழுத இது போதாது.

இனி பறவையின் பக்கத்துக்கு வருவோம். பட்ஜெரிகர் ஆஸ்திரேலிய வறண்ட நிலங்களில் பெருங்கூட்டமாகப் பறக்கும் முப்பது, நாற்பது கிராம் உயிர். கூட்டத்தில் தன் ஆட்களைத் தவறவிடாமல் இருக்க அதற்கு ஓர் அழைப்பொலி உண்டு. புதிதாகச் சேர்த்து வைத்த ஆண் பறவைகள் சில வாரங்களில் ஒரே மாதிரி அழைக்கக் கற்றுக்கொள்கின்றன. ஜோடி சேர்ந்த ஆண் தன் துணையின் ஒலியைப் படிக்கிறது. ‘ஒத்தையா வளர்த்தா நல்லாப் பேசும் சார்’ என்று கடைக்காரர் சொல்வதில் பொய்யில்லை. சுற்றிலும் தன் இனம் இல்லாததால் அது நம்மைக் கூட்டமாக எடுத்துக்கொண்டு நம் ஒலியைப் படிக்கிறது. ஒன்பது மணி நேரம் அலுவலகத்தில் இருப்பவர் வீட்டில் அது யாரை அழைக்கும்? நம் தனிமையைப் போக்க இன்னொன்றைத் தனியாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. சுவிட்சர்லாந்தின் 2008 விலங்குப் பாதுகாப்பு விதிகள், கினிப்பன்றி போன்ற கூடி வாழும் பிராணிகளை ஒற்றையாக வளர்ப்பதையே தடுக்கின்றன.

இரண்டு பறவை வாங்குங்கள். முட்டை, குஞ்சு என்று குடும்பம் பெருகுமே என்றால் இரண்டும் ஆணாக இருக்கட்டும். பெரும்பாலான நிறங்களில், வளர்ந்த ஆணுக்கு அலகின் மேல் சதை நீலமாக இருக்கும். தினை மட்டும் போட்டால் சத்து போதாது, கீரையும் கேரட்டும் வேண்டும். கூண்டைச் சமையலறைக்கு அருகில் வைக்கவே கூடாது. பறவையின் நுரையீரல் காற்றை நம்முடையதைவிடத் திறமையாக உறிஞ்சும். காலியாகக் காய்ந்து கிடக்கும் நான்-ஸ்டிக் தவாவின் புகையே அதைக் கொன்றுவிடும். கூண்டின் அளவுக்குச் சட்டமே இருக்கிறது, அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சிதான் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். உள்ளே போதுமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது அதன்படி குற்றம். பச்சைக்கிளியை எந்தக் கூண்டிலும் வளர்க்கக் கூடாது, நட்சத்திர ஆமையும் அப்படியே. இரண்டும் 1972 வனவுயிர்ச் சட்டத்தின் காவலில் உள்ளவை.

தனியாக இருப்பதையே விரும்பும் உயிர் ஒன்று உண்டு, ஃபைட்டர் மீன். தாய்லாந்துப் பக்கத்து வயல்நீரில் வாழ்ந்த இனம். இரண்டு ஆண்கள் ஒரே தொட்டியில் இருந்தால் செதில் பறக்கும். செவுளுக்கு மேலே உள்ள தனி உறுப்பால் மேற்பரப்பில் காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் என்பதால், கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் அதைச் சின்ன பாட்டிலில் வைத்து விற்க முடிகிறது. வாங்கி வந்தவர்கள் அந்தப் பாட்டிலையே வீடாக்கிவிடுவதுதான் கோளாறு. மூச்சுக்குப் பஞ்சமில்லை, கழிவுக்குத்தான் போக்கிடமில்லை. மீனின் கழிவு அம்மோனியா, அது விஷம். தொட்டியில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்கும். இந்தப் பட்டாளம் நிலைபெற மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் மாதத்திலேயே மீன் செத்து ‘எனக்கு மீன் ராசியில்லை’ என்கிறவர்கள் பலர் இந்த இடைவெளியில் சிக்கியவர்கள்.

பதினைந்து, இருபது லிட்டர் தொட்டி, மெல்ல ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், வாரம் ஒருமுறை கால்பங்கு நீர் மாற்றம், இவ்வளவு போதும். மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும், அல்லது கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும். ஃபில்டரைக் குழாயடியில் பளிச்சென்று கழுவினால் பாக்டீரியாவும் போய்விடும். வெளியே எடுத்த பழைய தொட்டி நீரிலேயே அலசுங்கள். ஹீட்டர் பெரும்பாலும் வேண்டியதில்லை, சென்னையின் வெயில் இந்த மீனுக்காவது உதவட்டும்.

இரவில் நேரங்கழித்து வீடு திரும்பும் ஐ.டி. ஊழியருக்கு சிரிய ஹாம்ஸ்டர் ஒத்துவரும். அதுவும் ஒற்றையாக வாழ்வது, இரவில் விழிப்பது. ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுதான் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். காசளவில் விற்கும் சிவப்புக் காது ஆமைக்குட்டி தட்டளவுக்கு வளர்ந்து இருபது, முப்பது வருடம் வாழும். சால்மொனெல்லா தொற்றுக்காக அமெரிக்கா 1975இலேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடுத்தது. குளத்தில் விட்டுவிட்டால் நாட்டு ஆமைகளுக்கு வினை. வாங்காதீர்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதானால் நன்றாகத் தின்று வளர்ந்த மீன் நாலைந்து நாள் பட்டினி தாங்கும். பறவை அப்படித் தாங்காது. அதனால் தினை டப்பாவையும் வீட்டுச் சாவியையும் எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே இதுவரை தெரியாதென்றால், பறவை வாங்கும் முன் ஒருமுறை கதவைத் தட்டி விசாரித்துவிடுங்கள்.