தப்பு பயிலும் முறை

இசையை ஆசிரியரின் அருகிலிருந்து கற்பது உலகெங்கும் உள்ள வழக்கம். பியானோ பயிலும் சிறுவன் ஆசிரியரின் பக்கத்தில் அமர்கிறான். மிருதங்கம் பயிலும் மாணவன் குருவின் எதிரே அமர்கிறான். பொகவந்தலாவையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் தப்பு பழகும் இளைஞனும் அனுபவம் முதிர்ந்த ஒருவரின் பக்கத்தில் நின்றே பழகுகிறான். ஆயினும், பியானோ மாணவனுக்குள்ள ஒரு துணை இவனுக்கு இல்லை. அது யாது என்று காணுமுன், இக்கருவியைப்பற்றிச் சிறிது அறிதல் நலம்.

தப்பு, பறையின் இனத்தைச் சேர்ந்தது. மரத்தாலான வட்டச் சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் தோல் போர்த்தப்பெற்றிருக்கும். வாசிப்பவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடக்கையில் மெல்லிய நீண்ட குச்சியையும் வலக்கையில் தடித்த குறுங்குச்சியையும் ஏந்துவார். தடித்த குச்சி நடுவில் விழுந்தால் கனத்த ஓசை. மெல்லிய குச்சி விளிம்பையொட்டி விழுந்தால் கூரிய ஓசை. இரண்டும் ஒருங்கே விழுந்தால் வேறோர் ஓசை. இவற்றின் சேர்க்கையே அடிவகைகள்.

பொகவந்தலாவை கெசல்கமுவ ஓயாவின் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கும் மேலான உயரத்தில் அமைந்தது. மழையும் பனியும் மிகுந்த இவ்விடத்தில் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும், ஓசை மங்கிவிடும். ஆதலால் வாசிக்குமுன் நெருப்பில் காய்ச்ச வேண்டும். சூடு குறைந்தால் ஓசை எழாது. மிகுந்தால் தோல் கெடும். எப்போது தீயிலிருந்து எடுப்பது என்பதை மாணவன் ஆசிரியரின் கையைப் பார்த்தும், விரலால் தட்டிக் கேட்டுமே அறிகிறான்.

அடுத்தது வாய்ப்பாடம். மிருதங்க மாணவன் தகிட என மூன்றும், தகதிமி என நான்கும் சொல்லிக் கணக்கை மனத்தில் நிறுத்துவதுபோல, தப்பிலும் அடியை முதலில் வாயால் சொல்லிப் பழகுவது எளிய வழி. சொல் தவறாது வந்தபின் குச்சி தானே அதைத் தொடரும்.

மூன்றாவது பாடம் களத்தில் நடப்பது. மாசி மாதத்துக் காமன் கூத்தில், மன்மதன் சிவனின் தவத்தைக் கலைக்க வருவதும், எரிந்து சாம்பலாவதும், இரதி புலம்புவதும் வெவ்வேறு நடையில் அடியை வேண்டுவன. ஆடுவோரின் காலைக் கண்ணால் தொடர்ந்து கையை மாற்றும் திறம், இரவு முழுதும் ஆசிரியரோடு நின்றாலன்றி வாய்ப்பதில்லை.

இனி, முன்சொன்ன துணையைக் காண்போம். பியானோ மாணவனுக்கு அச்சிட்ட இசைக்குறிப்பு உண்டு. தேர்வு முறையும் உண்டு. இலண்டனில் 1889இல் தோன்றிய அரச இசைக் கல்லூரிகளின் இணைந்த சபை இன்றும் இலங்கையில் தேர்வுகளை நடத்துகிறது. ஆசிரியர் மறைந்தாலும் ஏடு நிற்கும். மலைநாட்டுப் பாடல்களுக்கும் ஓர் ஏடு வாய்த்தது, சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் திரட்டி நூலாக்கினார். தப்பின் அடிகளுக்கோ அறிந்தவரின் கையும் நினைவுமே ஏடு. ஒரு காலத்தில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்தது தப்பு. அப்பணி அருகியதும், அதற்குரிய அடியைக் கற்கும் தேவையும் அருகியது.

இதனினும் பெரிய தடை ஒன்றுண்டு. பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணியது தொல்காப்பியம். பின்னர்ச் சாதி வேற்றுமை, கருவியையும் அதை வாசித்தவரையும் சேர்த்தே தாழ்த்தியது. சாவீட்டில் அடிப்பது உன் கடமை என்று ஒருவரை ஒதுக்கிவைத்த சமூகம், அவரிடமிருந்த கலையைக் கலையென்று மதிக்கவில்லை. அந்த இழிவு தம் மகனையும் தொடர வேண்டாமென்று தந்தை சொல்லித்தரத் தயங்கினால், அவரைக் குறைகூற யாருக்கு உரிமையுண்டு?

எனினும் காலம் மாறுகிறது. மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. தமிழகத்தில் ஆண், பெண் இருபாலாரும் விரும்பிப் பறை பயில்கின்றனர். பிறப்பால் சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது, விருப்பத்தால் தேரும் கல்வியாகும்போது இழிவு நீங்குகிறது.

தோட்டந்தோறும் தப்பு அறிந்த முதியவரைத் தேடி, அவரை ஆசிரியர் என்றே அழைத்து, பியானோ ஆசிரியருக்குக் கொடுப்பதுபோல் உரிய ஊதியமும் கொடுத்து, எக்குலத்துப் பிள்ளையும் அவரிடம் பயில வழிசெய்தல் வேண்டும். அவர் வாயால் சொல்லும் அடிகளை ஒலிப்பதிவு செய்தலும் இன்றைக்கு எளிது. அவர் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.