சுவருக்குப் புதுச் சட்டை

நியூஸிலாந்தில் வீடு வாங்கப் போகிற விவரமான ஆசாமி முதலில் தேடுவது இறவாரத்தை. இறவாரம் இல்லையா? ஆள் எஸ்கேப்!

அங்கே வீட்டுக்கு எலும்பு மரச்சட்டம். அதன் மேல் வெளிச்சுவர்ப் பலகை. 1990-களில் மத்தியதரைக் கடல் ஸ்டைல் ஃபேஷன் ஆனது. இறவாரம் கட்! பலகை மேல் இடுக்கே தெரியாமல் வழவழ பூச்சு. போதாததற்கு 1995-ல் மருந்து ஏற்றாத பைன் மரத்துக்கும் பச்சைக்கொடி. ஜன்னலோர விரிசலில் புகுந்த மழைத்தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. பூச்சு புது மாப்பிள்ளையாக ஜொலிக்க, உள்ளே சட்டம் காபியில் முக்கின பிஸ்கட். 2009-ல் போட்ட மதிப்பீடு: சுமார் 42,000 வீடுகள், 1,130 கோடி நியூஸிலாந்து டாலர் செலவு!

'விரிசலை அடைச்சு, பெயிண்ட் அடிச்சு வித்துடலாமே?' என்கிறீர்களா? ஈரம் உள்ளேயே தங்கிவிடும் ஸார். பழைய சுவரை உரிக்கத்தான் வேண்டும். உரித்த பிறகுதான் எவ்வளவு மரம் மக்கியிருக்கிறது என்பதே தெரியும். கான்ட்ராக்டர் தொண்டையைக் கனைக்கும் கட்டம் இது! மருந்து ஏற்றிய மரம் வைத்து, புதுப் பலகைக்குப் பின்னால் 20 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். புகுந்த தண்ணீர் வடிந்து காய்ந்துவிடும்.

அப்புறம் பி.காம். படித்த எனக்குப் பிடித்த சமாசாரம், காகிதம். கவுன்சில் சான்றிதழ் கையில் இருந்தால்தான் புதுச் சுவருக்கு மரியாதை, விலை எல்லாம்.

கட்டினவர் மேல் கேஸ் போடலாமே? போடலாம், 10 வருஷத்துக்குள். பலருக்கு மரம் மக்கினது தெரிவதற்குள் கெடு முடிந்திருந்தது. பாங்க் கடன்தான் முடியவில்லை.