இல்லத்தின் எழில்

மாமல்லபுரத்தில் பஞ்சபாண்டவர் இரதங்கள் என வழங்கும் ஐந்து ஒற்றைக்கல் கோயில்கள் உள்ளன. அவற்றைக் காண வருவோர் கல்யானையையும் பெரிய இரதங்களையும் கண்டு வியந்து நிற்பர். வரிசையின் வடகோடியில் உள்ள சிறிய கோயிலை விரைவில் கடந்து விடுவர். திரௌபதி இரதம் எனப்படும் அக்கோயில் வடிவத்தால் ஒரு கூரைவீடே ஆகும். நாற்புறமும் சரிந்து இறங்கும் கூரை, நடுவே ஓர் அறை, அதற்கு ஒரு வாயில். இவ்வளவே அதன் அமைப்பு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள், சிற்றூர்களில் நாள்தோறும் கண்ட குடிசையின் வடிவைக் கல்லிலே செதுக்கி, அதனுள்ளே கொற்றவையை எழுந்தருளச் செய்தனர்.

அக்கூரையின் விளிம்புகளிலும் மூலைகளிலும் கொடி போன்ற பூவேலை காணப்படும். கூரைவீட்டில் காற்று முதலில் பெயர்ப்பது விளிம்பையும் மூலையையுமே. அங்கேதான் கூரை வேய்பவர் கூடுதலாகக் கட்டுப் போடுவர். சிற்பியும் அவ்விடத்தையே அணிசெய்யத் தேர்ந்திருப்பது கருதத்தக்கது. இவ்வாறே, கோயில்களின் கபோதங்களில் இலாட வடிவில் அமைந்த 'கூடு' என்னும் அணியும் வீட்டிலிருந்து வந்ததே. மரச்சட்டங்களை வளைத்துக் கூரை அமைத்த காலத்தில், அவ்வளைவின் முகப்பில் காற்றும் ஒளியும் புகத் திறப்பு விட்டனர். அத்திறப்பே பின்னர்க் கல்லில் அழகு வடிவமாக நிலைபெற்றது. பயன் முன்னே பிறந்தது. அழகு அதனைத் தொடர்ந்து வந்தது.

வீட்டை அழகுபடுத்த விரும்புவோர் பலர் இம்முறையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். அயலூரில் கண்ட முகப்பு ஒன்றை அப்படியே தம் வீட்டிற்கு ஒட்டவைக்கின்றனர். அதற்கு இடம் வேண்டித் திண்ணையை இடிக்கின்றனர். திண்ணை வெறும் மேடையன்று. அதன்மேல் நீண்டு தாழ்ந்த தாழ்வாரம் வெயிலையும் சாரலையும் வெளிச்சுவரில் படாமல் தடுத்தது. வழிப்போக்கர் இளைப்பாறவும், முதியோர் மாலையில் அமர்ந்து பேசவும், சிறுவர் படிக்கவும் அது இடந்தந்தது. திண்ணை போனபின் சுவர் நேரே வெயிலில் காய்கிறது. உள்ளிருக்கும் அறை வெதும்புகிறது. பின்னர் அவ்வெப்பத்தைத் தணிக்கப் பொருள் செலவிடுவதை என்னென்பது!

பழைய வீடுகளின் அமைப்பைக் கண்கூடாகக் காண விரும்புவோர், மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கே சென்றால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்னும் காட்சியகத்தை அடையலாம். அது 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் தொடக்க அமைப்பை வகுத்தவர் லாரி பேக்கர் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். தென்னாட்டின் பல பகுதிகளில் இடிபடவிருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூணையும் கதவையும் உத்திரத்தையும் கழற்றிக் கொணர்ந்து, அங்கே மீண்டும் எழுப்பியுள்ளனர். செட்டிநாட்டு வணிகர் இல்லமும் அங்குண்டு. நெசவாளர் இல்லமும் குயவர் இல்லமும் உண்டு. வணிகர் வீட்டின் தேக்குத் தூண்களை வியந்துவிட்டுக் குயவர் வீட்டினுள் நுழைபவர், அங்கும் அழகு குறையவில்லை என்பதை உணர்வர். மண்சுவர், சாணம் மெழுகிய தரை, உரிய இடத்தில் உரிய பொருள் ஆகியவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை.

உள்ளறைகளின் அழகுக்கு முதற்காரணம் ஒளி; அடுத்தது காற்று. வீட்டின் நடுவே அமைந்த முற்றம் இவ்விரண்டையும் ஒருங்கே தந்தது. வெப்பக்காற்று இலேசானதாகையால் முற்றத்தின் வழியே மேலெழும். அவ்விடத்தை நிரப்பத் திண்ணைப்புறத்திலிருந்தும் கொல்லைப்புறத்திலிருந்தும் குளிர்ந்த காற்று உட்புகும். முற்றமில்லாச் சிறு வீட்டிலும் இந்நெறியைக் கைக்கொள்ளலாம். எதிரெதிர்ச் சுவர்களில் சாளரம் வைத்தால் காற்று ஊடுருவிச் செல்லும். சாளரத்தின் தலைப்பகுதி உயரமாக இருந்தால் ஒளி அறையின் ஆழம் வரை எட்டும். செங்கற்பட்டு மாவட்டக் கடலோரத்தில், கோடைக்காலப் பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். அக்காற்று வரும் சாளரத்தை மறைத்து அலமாரியை நிறுத்திவிட்டு, வீடு புழுங்குகிறது எனக் குறைகூறுவோரும் உளர்.

சுவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். கடலோர மக்கள் கிளிஞ்சல்களைச் சுட்டுச் சுண்ணாம்பு செய்தனர். சுட்ட சுண்ணாம்பை நீரில் நீற்றி மணலுடன் அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல ஏற்றுத் திரும்பவும் கல்லாக இறுகும். செட்டிநாட்டில் இக்கலவையுடன் கடுக்காய், வெல்லம், முட்டையின் வெண்கரு முதலியவற்றைச் சேர்த்துக் கண்ணாடிபோல் மின்னுமாறு தேய்த்தனர். சுண்ணாம்புச் சுவருக்கு மற்றொரு நலமும் உண்டு. தரையிலிருந்து ஊறும் ஈரத்தை அது தன்னுள்ளே அடைத்து வையாது. நுண்துளைகளின் வழியே வெளிவிடும். அத்தகைய பழஞ்சுவரின்மேல் அழகுக்கெனச் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். அதில் கரைந்துள்ள உப்பு பூச்சின் பின்னே படிகமாகிப் பெருக்கும். சில ஆண்டுகளில் புதுப்பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். அப்போது சுவர் பழுதென்று சொல்லி வீட்டையே இடித்து விடுவர். பழுது சுவரினது அன்று.

உப்புக்காற்றின் வலிமையைக் கடற்கரைக் கோயிலே காட்டும். பல நூற்றாண்டுகளில் அதன் கற்சிற்பங்களின் கூர்மை மழுங்கிவிட்டது. தொல்லியல் துறையினர் காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை வளர்த்தனர். காகிதக்கூழை நனைத்துக் கல்லின்மேல் அப்பி, அதிலுள்ள உப்பை உறிஞ்சி எடுத்தனர். கல்லுக்கே இந்நிலையென்றால் இரும்புக் கம்பியின் கதி என்னாகும்? கான்கிரீட்டின் உள்ளிருக்கும் கம்பியை உப்பு எட்டினால் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கழுவாத கடல்மணலையும் உவர்நீரையும் கலவையில் சேர்ப்பது, பகையை வீட்டினுள்ளே குடிவைப்பதாகும். கடலோரத்தில் வீடு கட்டுவோர் நல்ல நீரால் கலவை சேர்த்து, கம்பிக்கு வெளியே போதிய கனத்தில் கான்கிரீட்டு நிற்குமாறு செய்தல் வேண்டும். கடல்நோக்கிய புறத்தில் மரங்களை வேலியாக வளர்த்தால் வீட்டிற்குக் காப்பாகும், கண்ணுக்கும் இனிமையாகும்.

ஓட்டுவீட்டையும் சிறு மாடிவீட்டையும் பொலிவாக்கப் பெரும்பாலும் வெள்ளையடித்தலே போதும். வெண்மை ஒளியைத் திருப்பி வீசுவதால் இருண்ட அறையும் விரிந்து தோன்றும். வெளிச்சுவரும் வெயிலை மிகுதியாக உட்கொள்ளாது. ஆனால், அடிப்பதற்கு முன் பழைய பொருக்கைச் சுரண்டி எடுத்து, சுவரை நனைத்துக்கொள்ள வேண்டும். நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, பசை சேர்த்து, ஒருமுறை கனமாக அடிப்பதினும் இருமுறை மெல்லியதாக அடித்தல் நன்று. பொங்கலுக்கு முந்திய நாள்களில் சிற்றூர் வீடுகளில் இவ்வேலை மும்முரமாக நடைபெறும். பொருள்களெல்லாம் வாயிலுக்கு வந்துவிடும். பெரியவர் ஏணிமேல் நின்று மட்டையால் அடிப்பார். ஏணியைப் பிடித்துக்கொள்வதும், சுண்ணாம்பில் சிறிது நீலம் கரைத்துக் கொடுப்பதும் வீட்டுச் சிறுவரின் வேலை. அடித்து முடித்தவுடன் சுவர் மங்கலாகத்தான் தோன்றும். மறுநாட் காலையில், ஈரம் காய்ந்தபின், அதன் வெண்மை முழுதும் வெளிப்படும்.