திரை விலகுதலும் விசுவாசம் வளர்தலும்

கடவுள் தாமே முன்வந்து தம்மை அறிவித்தாலன்றி மனிதன் அவரை உள்ளவாறு அறிதல் இயலாது என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. இவ்வாறு அவர் தம்மை அறிவித்தலையே வெளிப்பாடு என்கிறோம். புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற கிரேக்க மொழியில் இதற்கு வழங்கும் சொல், மூடியிருப்பதை அகற்றுதல் என்னும் பொருளுடையது. சீடர் என்பதற்குரிய கிரேக்கச் சொல்லுக்கோ, கற்பவர் என்பது பொருள். மூடுதிரையை அகற்றுபவர் கடவுள். அகன்றபின் தோன்றுவதைக் காணக் கற்றுக்கொள்பவர் சீடர். திரை ஒரு நொடியில் விலகலாம். கண் பழகுதற்கோ காலம் வேண்டும். விசுவாசத்தின் வளர்ச்சி என்று கூறப்பெறுவது இக்காலமே ஆகும். இதனை விளக்குவதற்குப் பேதுருவின் வரலாற்றினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

கலிலேயக் கடல் என்று பெயர் பெற்றிருப்பினும் அது ஒரு நன்னீர் ஏரியே. நீளம் சுமார் 21 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தில் சுமார் 13 கிலோமீட்டர். கடல் மட்டத்திற்குச் சுமார் 210 மீட்டர் தாழ்வில் அமைந்தது. அவ்வேரியில் வலை வீசிப் பிழைத்த சீமோன் என்பவரே பின்னர்ப் பேதுரு எனப் பெயர் பெற்றார். இயேசு அழைத்தபோது அவர் வலையை விட்டுப் பின்சென்றார். அழைத்தவர் இன்னார் என்பதை அன்று அவர் முற்றும் அறிந்திருந்தாரா? இல்லை. அறிந்தபின் நடக்கத் தொடங்கியவரல்லர் அவர், நடந்துகொண்டே அறிந்தவர்.

மாற்கு எழுதிய நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில் இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது, பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவர் குணம் பெற்றது. இயேசு முதன்முறை தொட்டபோது அவருக்கு அரைப்பார்வையே கிட்டிற்று. மனிதர் நடமாடுவது மரங்கள் அசைவதுபோல் தோன்றிற்று. இரண்டாம் முறை தொட்ட பின்னரே யாவும் தெளிவாயின. குணமளித்தல் இவ்வாறு இருபடிகளில் நிகழ்ந்ததாகக் கூறும் இடம் நற்செய்திகளில் இதுவொன்றே.

இரண்டாவது நிகழ்ச்சி, எர்மோன் மலையடிவாரத்திலுள்ள பிலிப்பு செசரியாவை அடுத்து நடந்தது. கிரேக்கத் தெய்வமாகிய பானுக்குரிய குகையும் யோர்தானின் ஊற்றுகளுள் ஒன்றும் உள்ள இடம் அது. அங்கே இயேசு, தம்மை யாரென்று எண்ணுகிறார்கள் எனச் சீடரை வினவினார். அவரே மெசியா எனப் பேதுரு விடை பகர்ந்தார். இவ்வறிவு மனித முயற்சியால் வந்ததன்று, விண்ணகத் தந்தையே வெளிப்படுத்தியது என்று இயேசு கூறியதாக மத்தேயு எழுதுகிறார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் பேதுருவின் விசுவாசம் அன்றே நிறைவுற்றது என்று நாம் கருதலாம். ஆனால் தாம் பாடுபட்டுக் கொலையுண்ணப் போவதை இயேசு சொல்லத் தொடங்கியவுடன், அப்படி ஆகலாகாது என்று தடுத்தவரும் அதே பேதுருதான். கடுமையான கண்டனத்தைப் பெற்றவரும் அவரே. மெசியா என்ற சொல் அவருக்குக் கிடைத்துவிட்டது. அச்சொல்லின் பொருள் கிடைக்கவில்லை. வெற்றி வேந்தனையே அவர் எதிர்பார்த்திருந்தார், சிலுவையை எதிர்பார்க்கவில்லை. மரங்களைப்போல் மனிதரைக் கண்டவரின் நிலையும் இதுவேயன்றோ? இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து அமைந்திருத்தல் தற்செயலன்று என அறிஞர் பலர் கருதுகின்றனர்.

பின்னர் வந்தது பெருவீழ்ச்சி. இயேசு பிடிபட்ட இரவில், தலைமைக் குருவின் முற்றத்தில் மூட்டியிருந்த கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுரு, அவரை அறியேன் என மும்முறை மறுதலித்தார். யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்திலோ, உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் ஒரு கரிநெருப்பு மூட்டிச் சீடருக்கு உணவளிக்கிறார். கரிநெருப்பைக் குறிக்கும் அக்கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்விரண்டு இடங்களிலேயே வருகிறது. மறுத்தவரிடம் கோட்பாடுகள் எவையும் வினவப்பெறவில்லை; தம்மிடம் அன்புண்டா என்றே மும்முறை கேட்கப்பெற்றது. தோல்வியுற்ற இடத்திலேயே விசுவாசம் மீண்டும் தளிர்த்தது.

அதன் பின்னரும் பேதுரு கற்றுமுடிக்கவில்லை. யோப்பாவில் கண்ட ஒரு காட்சியும், உரோமைப் படைத்தலைவர் கொர்நேலியுவின் இல்லத்தில் பெற்ற அனுபவமும், கடவுள் ஆள்பார்த்து ஒருதலைச் சார்பு கொள்வதில்லை என்பதை அவருக்கு உணர்த்தின. எனினும் பின்னர் அந்தியோக்கியாவில், சிலருக்கு அஞ்சி, யூதரல்லாதாருடன் உண்பதினின்று அவர் விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். திருத்தூதரின் இக்குறைகளைத் திருச்சபை தன் மறைநூலினின்றும் நீக்கிவிடவில்லை என்பது எண்ணத்தக்கது.

விசுவாசத்தில் அறிதல், உடன்படுதல், சார்ந்திருத்தல் என மூன்று கூறுகள் உண்டென்பர் சீர்திருத்தச் சபைகளின் இறையியலார். அறிதல் விரைவில் வரலாம். சார்ந்திருத்தல், வாழ்க்கை நம்மைச் சோதிக்குந்தோறும் சிறிது சிறிதாகவே வேரூன்றும். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், 1965-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் வெளியிட்ட ஏட்டில், கடவுள் செயல்களாலும் சொற்களாலும் தம்மை வெளிப்படுத்தி மக்களோடு நண்பரைப்போல் உரையாடுகிறார் என்னும் கருத்தை வற்புறுத்தியது. நட்பு ஒரு நாளில் முதிர்வதில்லை.

ஊரை விட்டு வந்து பிற மொழியார் நடுவே வாழும் நமக்கு இது விளங்காததன்று. டில்லியிலோ மும்பையிலோ வந்திறங்கிய முதல் நாளில் எதிரே வந்தவர் யாவரும் முகமற்ற உருவங்களாகவே தோன்றினர். மாதங்கள் சென்றபின் அவர்களுள் ஒருவர் அண்டை வீட்டாரானார், ஒருவர் நண்பரானார். ஊரும் மாறவில்லை, மக்களும் மாறவில்லை. நம் பார்வையே தெளிந்தது.

பழகிய கோயிலும் தாய்மொழி வழிபாடும் தொலைவிலிருக்க, தம் விசுவாசம் குன்றிவிட்டதோ என ஏங்கும் கிறிஸ்தவ அன்பர் நம்மிடையே உளர். அவர்கள் பேதுருவை நினைத்தல் நன்று. நோயுற்ற மகனுக்காக இயேசுவிடம் வந்த தந்தை ஒருவர், தாம் நம்புவதையும் தம் நம்பிக்கையின் குறையையும் ஒருங்கே அறிக்கையிட்டு உதவி வேண்டினார். அவர் திருப்பியனுப்பப்பெறவில்லை, மகனும் குணமடைந்தான். ஐயமே எழாதவன்தான் சீடன் என்று எங்கும் சொல்லப்படவில்லை. அரைப்பார்வையோடும் உடன் நடப்பவனே சீடன்.