பிடிப்பதும் விடுவதும்

மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகுகிறவருக்கு முதல் நாளில் கிடைக்கும் உபதேசம், ‘கிளட்சைப் பிடி, கியரைப் போடு, மெதுவாக விடு’ என்ற ஒரே வாக்கியந்தான். அதன் முற்பகுதியை எல்லோரும் ஒரு வாரத்துக்குள் கற்றுக்கொண்டுவிட, கடைசி இரு சொற்களையோ, பல்லாண்டு ஓட்டிப் பழகியவர்களிலும் பலர் பூரணமாகக் கற்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

வண்டி நிற்கும்போதும் இன்ஜின் நிமிஷத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகள் சுழன்றுகொண்டே இருக்கிறது. சக்கரமோ அசையாமல் நிற்கிறது. சுழல்வதையும் நிற்பதையும் முரட்டுத்தனமின்றி இணைத்து வைப்பதற்கென்று ஏற்பட்டதே கிளட்ச். பெரும்பாலான வண்டிகளில் இது, உராய்வுப் பூச்சுள்ள பிளேட்டுகளும் வெறும் எஃகுப் பிளேட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு, இன்ஜின் எண்ணெயிலேயே நனைந்திருக்கும் ஒரு கட்டு. ஸ்பிரிங்குகள் அக்கட்டை எப்போதும் இறுக்கி வைத்திருக்கின்றன. இடக்கையால் லிவரைப் பிடித்தவுடன் அழுத்தம் நீங்கி, ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியிலேயே பிளேட்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன.

கியர்களை மாற்றும்போது பற்சக்கரங்கள் ஒன்றைவிட்டு மற்றொன்றோடு கோத்துக்கொள்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இன்றைய மோட்டார் சைக்கிளில் எல்லாப் பற்சக்கர ஜோடிகளும் எப்போதும் கோத்தே சுழல்கின்றன. நாம் காலால் மிதிக்கும்போது, பற்சக்கரத்தின் பக்கவாட்டிலுள்ள தடித்த பற்கள் நகர்ந்து, அடுத்த சக்கரத்தின் பள்ளங்களில் புகுந்து அந்த ஜோடியை வேலைக்கு அமர்த்துகின்றன. இன்ஜினின் பலம் முழுவதும் அப்பற்களின்மேல் அழுந்திக்கிடக்கையில் அவை எளிதில் நகரமாட்டா. கிளட்ச் ஒரு க்ஷணம் அந்தச் சுமையை எடுத்துவிடுகிறது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடினாலும் சுமை ஒரு கணம் நீங்கும் ஆதலால், கிளட்ச் பிடிக்காமலே மேல் கியருக்குப் போகிறவர்களும் உண்டு. பந்தய வண்டிகளில் இன்ஜினின் விசையை நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குத் துண்டித்து இதையே செய்யும் சாதனமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சாதனம் இல்லாத வண்டியில், தருணம் தவறித் தவறி இதைச் செய்துவந்தால் பற்களின் முனை மழுங்கி, பிற்காலத்தில் போட்ட கியர் தானாக நழுவும்.

கியர் மாற்றக் கையால் கிளட்சைப் பிடிக்கத் தேவையில்லாத வண்டிகளும் உண்டு. மைசூரில் உற்பத்தியான ஜாவா மோட்டார் சைக்கிளில் கியர் மிதியை அழுத்தினாலே கிளட்ச் விலகும்படி அமைத்திருந்தார்கள். 1958-இல் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பில் கிளட்ச் லிவரே கிடையாது. ஆயினும் அவற்றை வகுத்த நிபுணர்கள் கையின் வேலையைத்தான் நீக்கினார்களே ஒழிய, கிளட்சை நீக்கவில்லை.

இனி, விடுவதைப் பற்றிப் பார்ப்போம். இரண்டாம் கியரில் இன்ஜின் நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுழலும்படி வண்டி போகிறதென்று வைத்துக்கொண்டால், அதே வேகத்தில் மூன்றாம் கியர் வேண்டுவது சுமார் 3,000 சுற்றுகளே. ஆக்சிலரேட்டரை மூடிக் கிளட்சைப் பிடித்தவுடன் இன்ஜின் தானாகவே தணிந்துவிடுவதால், மேல் கியருக்குப் போவது சுலபமாகிறது. கீழ் கியருக்கு இறங்கும்போதோ 3,000 சுற்று 4,000 ஆக உயரவேண்டும். அவ்வுயர்வுக்கு வழி செய்யாமல் லிவரைச் சட்டென்று விட்டால், பின்சக்கரமே இன்ஜினை இழுத்துச் சுழற்ற நேர்ந்து, மழையில் நனைந்த தாரிலும் மணல் படிந்த ஓரத்திலும் டயர் வழுக்கும். ஆகையால் கிளட்ச் பிடித்திருக்கும்போதே ஆக்சிலரேட்டரைச் சற்றுத் திருகி, பிறகு விரல்களைத் தளர்த்துவது உத்தமம்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைப் பாதையில் இறங்குகிறவர் இதை மிக்க சிரத்தையுடன் கைக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்பாகவே கியரை இறக்கி, கிளட்சை முழுவதும் விட்டு, இன்ஜினின் இழுப்பே வேகத்தை அடக்கும்படி செய்துகொள்பவருக்கு பிரேக்கின் பாரம் பெரிதும் குறைகிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்று கிளட்சைப் பிடித்தபடியே சரிவில் உருள்பவர், அந்த இழுப்பை இழந்து, தம் உயிரைச் சூடேறிய பிரேக்கிடம் ஒப்படைக்கிறார்.

ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக்கைப் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிக்கொண்டிருப்பதும் கெட்ட வழக்கம். பாதி ஒட்டியும் பாதி வழுக்கியும் நிற்கும் பிளேட்டுகள் உஷ்ணமேறிக் கருகும். பின்னர் இன்ஜின் உறுமியும் வண்டிக்கு இழுவை வராது. இதைத்தான் மெக்கானிக், ‘கிளட்ச் ஸ்லிப் ஆகுது’ என்கிறார். லிவர் நுனியில் தளர்வே இல்லாதபடி கேபிளை இறுக்கி வைத்தாலும் இதே கேடு விளையும். பல வண்டிகளின் கையேடுகள் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்கச் சொல்கின்றன. கார்களுக்கென்று உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த எண்ணெயையும் ஊற்றலாகாது. டப்பாவில், எண்ணெயில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம்.

தாம் தேறிவிட்டோமா என்று அறிய விரும்புகிறவர், பின்னால் அமர்ந்து வருபவரைக் கவனித்தால் போதும். கியர் மாறும்போதெல்லாம் அவர் தலை முன்னுக்குச் சாய்ந்து ஓட்டுகிறவரின் ஹெல்மெட்டில் இடிக்குமானால், விரல்கள் இன்னும் நிதானத்தைக் கற்கவில்லை என்று பொருள். கியர் மாறியதே அவருக்குத் தெரியாமல் பிரயாணம் நடக்குமானால், அந்த உபதேசத்தின் கடைசி இரு சொற்களும் கைக்கு வந்துவிட்டன.